ஐம்பத்தோரு தட்டு மாமன் சீர்

அந்தக் கண்ணாடிப் பேப்பரைக் கண்டுபிடிச்சவன் எவனோ தம்பி, அவனக் கட்டி வச்சு உதைக்கணும். ஐயோ, உங்களச் சொல்லல. மடியில வச்சிருக்கீங்கள்ல, ரிப்பன் கட்டின பொட்டி, அதப் பாத்ததும் வாயில வந்துருச்சு. கல்யாணத்துக்கா? மதுரையிலயா? நல்லது, நல்லது. உள்ள என்னன்னு நான் கேக்க மாட்டேன். கடியாரமோ குத்துவெளக்கோ, ஏதோ ஒண்ணு நெசமா இருக்குல்ல? அது போதும்.

பஸ்ஸு வாடிப்பட்டி வந்தா நான் இறங்கணும். என் மருமக வீட்டுக்கு. மகன் பொண்டாட்டி இல்ல, என் தங்கச்சி மக. நாகஜோதின்னு பேரு. நான் தாய்மாமன். எங்க பக்கம் தாய்மாமன்னா லேசுப்பட்டது இல்ல பாத்துக்கங்க. காது குத்துறதுல இருந்து கல்யாணம் வரைக்கும் மாமன் வந்து நின்னாத்தான் காரியம் நடக்கும். அதுலயும் இந்தப் புள்ளைக்கு அப்பன் இல்ல. பத்தாவது படிக்கையிலயே எங்க மச்சான் போய்ச் சேந்துட்டாரு. அன்னையில இருந்து எல்லாம் நான்தான். எல்லாம்னா, மில்லுக்குப் போயி சோறு போட்டது தங்கச்சி. பீஸ் கட்டுனது அந்தப் புள்ளையே, லீவு நாள்ல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாத்து. ஆனா சபைன்னு ஒண்ணு வந்தா ஆம்பள நான்தான நிக்கணும்?

நின்னேன் தம்பி. நின்னதுக்குத்தான் இப்படிக் கூசிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

போன தையில கல்யாணம். கையில காசு இல்ல, கடன் வாங்கவும் கூடாதுன்னு ஆத்தாளும் மகளும் முடிவு பண்ணிட்டாளுக. சரி, சிக்கனமாப் பண்ணுங்கன்னேன். ஆனா இந்தப் புள்ள பண்ணின சிக்கனம் இருக்கே! தன் கல்யாணத்துக்கு வேண்டியத எல்லாம் தானே செய்ய ஆரம்பிச்சிருச்சு. போனுல படம் பாக்கும், அதப் பாத்துப் பாத்துச் செய்யும். பட்டு நூல வாங்கிப் பழைய பிளாஸ்டிக் வளையல்ல சுத்துச்சு. சுத்திச் சுத்தி விரல் நுனியெல்லாம் செவந்து கெடக்கும். ரவிக்கையக் கட்டச் சட்டத்துல இழுத்துக் கட்டி வச்சுக்கிட்டு அதுல ஊசியப் போட்டு மயில் எடுத்துச்சு. சடைக்கு வைக்கிற பூவத் தாளுல வெட்டுச்சு. தொட்டுப் பாத்தாத்தான் மல்லி இல்லன்னு தெரியும். மேடைக்குப் பின்னாடி கட்டுறதுக்கு ஆத்தாளோட பழைய சுங்குடிச் சேலையெல்லாம் விசிறி மடிப்பா மடிச்சு வச்சிருச்சு. வாசல்ல வைக்கிற பலகையில மாப்பிள்ள பேரு உளுந்துல, அது பேரு பச்சைப்பயறுல. தென்னங்குருத்துல கிளி வேற.

எனக்கு அதெல்லாம் பாக்கப் பாக்க வெக்கம் புடுங்கித் திங்கும். கல்யாணப் பொண்ணு தானே தோரணம் கட்டினா ஊரு என்ன சொல்லும்? இதுக்கு ஒரு நாதி இல்லையா, மாமன் ஒருத்தன் இருந்தானேன்னு சொல்லுமா சொல்லாதா? தங்கச்சிகிட்ட சொன்னேன், எனக்கு அசிங்கமா இருக்கு ஆத்தா, நிறுத்தச் சொல்லுன்னு. அதுக்கு அவ, "ஒனக்கு எதுக்குண்ணே அசிங்கம்? ஒன்னையவா செய்யச் சொன்னோம்?"னா. பாத்தீங்களா பேச்ச?

அந்தக் கடுப்பு உள்ள இருந்துச்சு. அதான் நிச்சயத்தன்னைக்கு வாய விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தரு பேச்சுவாக்குல, அவங்க பக்கம் ஒரு கல்யாணத்துல மாமன் சீரு இருபத்தோரு தட்டு வந்துச்சு, தெருவே அடைச்சுக்கிச்சுன்னாரு. அவரு பாட்டுக்குச் சொன்னாரு. என்ன யாரும் கேக்கல. சத்தியமா யாரும் கேக்கல தம்பி. நான் எந்திரிச்சு வேட்டிய இறுக்கிக்கிட்டு, "இருபத்தொண்ணு என்னங்க, என் மருமகளுக்கு ஐம்பத்தோரு தட்டு வரும், பாருங்க"ன்னுட்டேன். எல்லாரும் கைதட்டினாய்ங்க. வாய்க்கொழுப்பு சீலையில வடிஞ்சுச்சுன்னு சொல்வாங்கள்ல, அன்னைக்கு அதான்.

அப்பச் சின்ன வெங்காயம் நல்ல வெல தம்பி. தோட்டம் முழுக்க அதான் போட்டிருந்தேன். அந்தத் தைரியம். மார்கழியில பாத்தா வெல தரையில கெடக்கு. புடுங்குற கூலிக்குக் கூட கட்டல. பாதியப் புடுங்கி வீட்டுல குமிச்சு வச்சேன், மீதிய மண்ணுலயே விட்டேன். வீடு பூரா வெங்காய வாடை. தட்டுக்கு நான் எங்க போறது?

அந்தப் புள்ளைகிட்டயே போயி நின்னேன். "மாமா, பதினோரு தட்டு கொண்டாங்க, போதும்"னுச்சு. அப்பச் சொன்ன வாயி? சபையில சொன்ன சொல்லு? நான் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தேன். அதப் பாத்துட்டு, "சரி மாமா, ஐம்பத்தொண்ணும் நானே செஞ்சு தர்றேன். ஆனா பொய்யி ஒண்ணும் வைக்க வேணாம். இருக்கிறத அழகா வைப்போம்"னுச்சு.

செஞ்சுச்சு தம்பி. இல்லன்னு சொல்ல முடியாது. வளையல் சுத்தின கையோட ராப்பகலா அதையும் செஞ்சுச்சு. உப்பு ஒரு தட்டு, மஞ்சக்கெழங்கு ஒரு தட்டு. துண்ட மடிச்சு ரெண்டு அன்னம், மூக்கோட மூக்கு வச்ச மாதிரி. கல்கண்ட அள்ளிக் குமிச்சுக் கோபுரம். வெத்தலைய அடுக்கித் தாமரை. தேங்காய்க்குக் கண்ணு மூக்கு வரைஞ்சு மாப்பிள்ளையும் பொண்ணும். தட்டுக்கு ஒரு சாமானு, அம்புட்டும் வீட்டுல இருக்கிறதுதான், ஆனா கண்ண எடுக்க முடியாது. அதுல ஒரு தட்டுல என்ன வச்சிருந்துச்சு தெரியுமா? என் தோட்டத்துச் சின்ன வெங்காயம். தொலி உரிச்சு, ஒரே அளவாப் பாத்துப் பொறுக்கி, ஊசி நூல்ல கோத்து, பச்சை வெத்தல மேல மாலையாச் சுத்தி வச்சிருந்துச்சு. நடுவுல ஒரு அட்டை, 'மாமா தோட்டத்து வெள்ளாமை'ன்னு எழுதி.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுபோச்சு. "ஏன் ஆத்தா, ஊரே சிரிக்கிறதுக்கா?"ன்னேன். "நீங்க வெளைய வச்சதுதான மாமா, இதுல என்ன வெக்கம்?"னு அது கேட்டுச்சு. சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? பட்டு வைக்க வேண்டிய எடத்துல எவனாச்சும் வெங்காயத்த வைப்பானா?

மாமன் சீரு மாமன் வீட்டுல இருந்துதான கெளம்பணும். அதனால தட்டெல்லாம் மொத நாளே எங்க வீட்டுக்கு வந்துருச்சு. காலையில எல்லாரும் குளிக்கப் போன நேரம், நான் தட்டுகளச் சுத்திச் சுத்தி வந்தேன். எல்லாம் அழகுதான். ஆனா எடுப்பா இல்ல. எடுப்புன்னா ஒரு பட்டுச் சேலைப் பொட்டி தெரியணும், நகைப் பொட்டி தெரியணும். எங்க வீட்டுப் பரண்ல ஜவுளிக்கடைப் பொட்டி காலியாக் கெடக்கும், என் பொண்டாட்டி ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டா. அத எறக்கினேன். அந்த வெங்காயத் தட்டக் கலைச்சேன். இன்னும் நாலஞ்ச, அந்த உப்பு, துவரம்பருப்பு, இப்படிப் பாக்கச் சாதாரணமா இருந்ததையும் கலைச்சேன். அதுல எல்லாம் பொட்டிய வச்சு, கண்ணாடிப் பேப்பரச் சுத்தி, ரிப்பனக் கட்டிட்டேன்.

கட்டிட்டுத் தூக்கிப் பாக்கறேன், காத்தா இருக்கு. தட்டத் தூக்கிட்டு வர்ற பொம்பளைகளுக்குத் தெரியாதா? கனம் வேணுமே. வீட்டுல என்ன கெடக்கு கனமா? அதான் கெடக்கு, குமிச்சு வச்சிருக்கேனே. பொட்டிக்கு நாலு கை அள்ளிப் போட்டு மூடினேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சவன் உண்டு. நான் வெங்காயத்தப் பட்டுப் பொட்டியில மறைச்சேன்.

தப்புன்னு சொல்லாதீங்க. ஒரு எடுப்புக்குத்தான். அந்தப் புள்ளைக்கும் பெருமைதான அது?

மேளத்தோட கெளம்பினோம். ஐம்பத்தோரு பொம்பளைக தட்டோட. மண்டபத்துத் தெருவே வேடிக்கை பாத்துச்சு. அந்தக் கொஞ்ச நேரம் நான் ராசாதான் தம்பி. மாப்பிள்ளையோட அம்மா வாசலுக்கே வந்துருச்சு. தட்டெல்லாம் பாத்துட்டு, பொண்ணு கையப் புடிச்சு வளையலத் திருப்பித் திருப்பிப் பாத்து, "இது அம்புட்டும் எங்க வீட்டுக்கு வரப்போற புள்ள கைவேலை"ன்னு அவங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் காட்டுச்சு. "என் மகளுக்கும் நீதான் செஞ்சு தரணும்"னு அப்பவே சொல்லி வச்சுச்சு. இந்தப் புள்ளைக்குச் சிரிப்பு தாங்கல.

எங்கள்ல ஒரு பழக்கம், மாமன் எடுத்த சேலையக் கட்டிக்கிட்டுத்தான் பொண்ணு மணவறைக்கு வரணும். நெசமான சேலை ஒண்ணு நான் எடுத்திருந்தேன் தம்பி, அது பொய்யி இல்ல. அது ஓரத்துத் தட்டுல இருந்துச்சு. அந்தம்மா நடுவுல இருந்ததுலயே பெரிய பொட்டியாப் பாத்து எடுத்துச்சு. அது இல்லன்னு நான் சொல்றதுக்குள்ள ரிப்பன இழுத்துருச்சு. ஆசையாத்தான் இழுத்துச்சு, பாவம். எல்லாரும் பாக்கட்டும்னு தூக்கிப் புடிச்சுத் தெறந்துச்சு.

உருண்டுச்சு தம்பி. மேடையெல்லாம் உருண்டுச்சு. வீடியோக்காரன் காலு வரைக்கும் உருண்டு போச்சு, அவன் கேமராவத் தாழ்த்தி அதையும் புடிக்கிறான், படுபாவி. பொட்டி மாறிப்போச்சோன்னு அடுத்ததத் தெறந்தாங்க. அதுலயும் அதான். அதுக்கடுத்தது. கூட்டத்துல எவனோ, "மாமன் சாம்பாருக்குச் சீரு கொண்டாந்திருக்காரு"ன்னான். மண்டபமே சிரிச்சுச்சு. அந்தம்மா மட்டும் சிரிக்கல. பொட்டியக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு. மண்ணு பொளந்து உள்ள வாங்கிக்காதான்னு இருந்துச்சு எனக்கு.

அப்ப அந்தப் புள்ள, அலங்காரத்தோட நின்னுக்கிட்டு இருந்தது, முன்னாடி வந்துச்சு. "அத்தை, அது என் வேலை. போட்டோவுக்கு எடுப்பா இருக்கும்னு நாந்தான் காலிப் பொட்டிய வச்சேன், நிக்கணும்னு வெங்காயத்தப் போட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யணும்? அதுவே ஒத்துக்கிருச்சு. நான் சும்மா நின்னா சந்தேகம் வருமா வராதா? அதனால ஒரு சத்தம் போட்டேன். "ஒனக்கு அறிவிருக்கா? சபையில என் மானத்த வாங்கிட்டியே! அப்பன் இல்லாத புள்ளைன்னு செல்லம் குடுத்தது தப்பாப் போச்சு"ன்னேன். கையக் கூட ஓங்கினேன். அடிக்கல. சும்மா ஓங்கினதுதான்.

அது என்னையப் பாத்துச்சு தம்பி. கோவமாப் பாத்திருந்தா தேவல. அழுதிருந்தாலும் தேவல. பாத்துட்டு, "தப்புத்தான் மாமா"ன்னு சொல்லிக் குனிஞ்சு, பட்டுச் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, வெங்காயத்தப் பொறுக்க ஆரம்பிச்சிருச்சு. கல்யாணப் பொண்ணு. கையில அது சுத்தின வளையலு. என் பொண்டாட்டி ஓடிப்போயி அதத் தூக்கிவிட்டா. நான் மேடையிலயேதான் நின்னேன்.

பெறகு ரெண்டு பெரிய மனுசங்க வந்து என் தோளத் தட்டினாங்க. "விடுங்க, இந்தக் காலத்துப் புள்ளைக இப்படித்தான். ஒங்களக் குத்தம் சொல்ல முடியுமா?"ன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன். பந்தியில எனக்குத்தான் மொத எல.

என் பொண்டாட்டி அன்னையில இருந்து என்கிட்ட முகங்குடுத்துப் பேசுறதில்ல. காலிப் பொட்டி யாரு பரண்ல இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுமே. அந்தப் புள்ளையும் போன் பண்ணினா அவகிட்டதான் பேசும். என்னைய விசாரிக்கும், இல்லங்கல. "மாமா சாப்புட்டாரா?"ன்னு கேக்கும். எனக்கு அதுவே ஒரு மாதிரி இருக்கும். நேரா என்னையத் திட்டிட்டா ஒரு வேளைச் சோறு நிம்மதியா எறங்கும். அதச் செய்யுதா? செய்யாது. அதான் எனக்கு அதுமேல வருத்தம்.

இப்ப இந்த வாரந்தான் தங்கச்சி வந்து சொல்லிட்டு அழுதா. மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு நிச்சயம் வச்சிருக்காங்க. இந்தப் புள்ள ஆசையா, "தட்டெல்லாம் நான் செய்யறேன் அத்தை"ன்னு போய் உக்காந்திருக்கு. அந்தம்மா கையில இருந்தத வாங்கி வச்சுட்டு, "நீ இதுல கை வைக்காத. ஒன் கைவேலைய ஊரே பாத்துருச்சு"ன்னுருச்சாம். அது சமைச்ச கொழம்பக்கூட மூடியத் தெறந்து கிண்டிப் பாத்துட்டுத்தான் பரிமாறுவாகளாம். வளையல் எல்லாத்தையும் இந்தப் புள்ள கழத்தி உள்ள வச்சிருச்சாம்.

என் பொண்டாட்டி கேட்டுட்டு, "நீ போயி அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டு வா. இல்ல, நான் போறேன்"னுட்டா. அவ போனா என் மானம் என்ன ஆகும்? அதான் நானே நேத்து அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். "தாயி, நாளைக்கு வர்றேன். உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்"னேன். "நெசமாவா மாமா?"ன்னுச்சு. தம்பி, சின்ன வயசுல நான் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா இப்படித்தான் கேக்கும். "பஸ் ஸ்டாண்டுக்கே வந்துர்றேன் மாமா"ன்னுச்சு.

வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். "சம்பந்தியம்மா, அன்னைக்குப் பொட்டி வச்சது எம் மருமக இல்ல, நான்தான்." இதான் சொல்லணும். ரொம்ப நீளமில்ல. ஆனா திண்டுக்கல்ல ஏறுனப்ப இருந்த வார்த்தை, கோடை ரோடு வர்றதுக்குள்ள மாறிப்போச்சு. கடைக்காரன் பொட்டிய மாத்திட்டான்னு சொல்லலாமான்னு தோணுது. ஆளுக கூட்டத்துல தட்டு கலந்துபோச்சுன்னா? ஆனா வெங்காயம் எப்படிக் கலக்கும்? அந்தம்மா லேசுப்பட்டது இல்ல. அன்னைக்கு எனக்காகத் தோளத் தட்டினாங்களே ரெண்டு பேரு, அவங்க அந்தம்மாவுக்கு அண்ணன்மாரு. அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது? அப்பனில்லாத புள்ளைன்னு வேற சொல்லிட்டேனே. அதச் சொன்ன வாயாலதான இதையும் சொல்லணும்.

வந்துருச்சா? வாடிப்பட்டியா? என்ன அதுக்குள்ள.

அந்தா நிக்குது பாருங்க, அந்தப் பச்சைச் சேலை. அதான். கொடை புடிச்சிருக்கு. ஐயோ, கூட யாரு? அந்தம்மாதான், தம்பி. மாப்பிள்ளையோட அம்மாவையும் கூட்டியாந்திருக்கே. கையில வளையலப் போட்டுக்கிட்டு வந்திருக்கு. அதான், அது சுத்தினதுதான். இந்தப் பக்கந்தான் பாக்குதுக.

தம்பி, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு உக்காருங்க. அந்தப் பொட்டியத் தூக்கி மடியில நிமித்தி வைங்க. அப்படித்தான். அப்படியே இருங்க.

இல்ல கண்டக்டர், நான் இறங்கல. மதுரைக்கே ஒண்ணு குடுங்க. ஆமா, வாடிப்பட்டிக்குத்தான் எடுத்தேன். மதுரைக்குப் போட்டுக் குடுங்கன்னா குடுங்க. விசிலக் குடுங்க, போகலாம்.

போயிருச்சா? நிமிரலாமா? வேர்த்து ஊத்துது. கேவலமா இருக்கு தம்பி. என் நெஞ்சே என்னையத் துப்புது.

போன் அடிக்குது. அதான். எடுக்கவா? எடுக்காட்டி பயந்துக்கும்.

அலோ, தாயி. ஆமா தாயி. பஸ்ஸு கெடைக்கல. இன்னும் திண்டுக்கல்லயேதான் நிக்கிறேன். ஆமா, சத்தம், இங்க ஒரு பஸ்ஸு நிக்குது, அதோட சத்தம். இனிமே எப்ப ஏறி எப்ப வர்றது. ம். ம். ம்.

வச்சிருச்சு.

என்ன சொல்லுச்சா? "இப்ப ஒரு பஸ்ஸு வந்துட்டுப் போச்சு, பாத்தேன் மாமா. நீங்க அதுல இல்ல"ன்னுச்சு. என்னையப் பாத்திருக்கு தம்பி. பாத்துட்டுத்தான் சொல்லுது. அப்பறம் பக்கத்துல அந்தம்மா எப்ப வருவாருன்னு கேக்குது, எனக்கே காதுல விழுது. இது போன வாயவிட்டுத் தள்ளி வச்சுக்கிட்டுச் சொல்லுது, "அவரு மேல தப்பில்ல அத்தை, நாந்தான் தேதியத் தப்பாச் சொல்லிட்டேன்"னு. அந்தம்மா, "ஒனக்கு எதுதான் ஒழுங்காத் தெரியும்?"னுச்சு. பெறகு என்கிட்ட, "நான் அத்தைகிட்ட அப்படிச் சொல்லிட்டேன் மாமா. நீங்களும் கேட்டா அப்படியே சொல்லிருங்க. வெறும் வயித்தோட அலையாம சாப்புட்டுப் போங்க"ன்னுச்சு.

நான் என்ன சொன்னேனா? பக்கத்துலதான இருந்தீங்க தம்பி, கேட்டீங்களே. "ம்"னேன்.